டத்தோ படம் போட்ட போத்தல்

மதுவிலக்கு விருந்தில் பீர் இல்லையென்றால் ஒரு மேசைகூட விற்காது. வடமாநிலத் தமிழர் நல்லொழுக்க மன்றம் இந்த உண்மையைக் கண்டுபிடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. குடியால் கெட்ட குடும்பங்களுக்காக மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் அந்த விருந்துக்குப் பத்துப் பேர் உட்காரும் மேசையாகத்தான் டிக்கெட் கொடுப்பார்கள். மேசை எடுக்க வருகிறவர் முதலில் கேட்பது, "தண்ணி உண்டா?" என்பதுதான். உண்டு என்று தெரிந்த பிறகுதான் குடியால் கெட்ட குடும்பங்கள் மேல் அவருக்கு இரக்கம் சுரக்கும். ஒரு வருடம் துணிந்து இனிப்புச் சிராப் தண்ணீர் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். அந்த வருடம் ஜார்ஜ்டவுனில் யாருக்கும் இரக்கம் சுரக்கவில்லை.

சிக்கல் பீரில் இல்லை, படத்தில் வந்தது. சென்ற ஆண்டு விருந்தின் படம் பத்திரிகையில் வந்தபோது, 'குடியை விடுவோம்' என்ற பதாகையின் கீழ் மன்றத் தலைவர், 'டத்தோ' பட்டம் பெற்ற சந்திரசேகரன் கைகூப்பி நின்றார். அவருக்கு முன்னால் மேசையில் நான்கு பீர் போத்தல்கள், பெயரைப் படிக்கலாம் என்கிற தெளிவோடு, அவரைவிடக் கம்பீரமாக நின்றன. படம் எடுத்தவரை மன்றம் வன்மையாகக் கண்டித்தது. போத்தல்களைக் கண்டிக்க விதிகளில் இடமில்லை.

ஆகவே இந்த ஆண்டு போத்தல்களின் மேல் மன்றமே சொந்தமாக ஒரு லேபிள் ஒட்டிவிடுவது என்று செயலவை முடிவெடுத்தது. லேபிள் வரைய ஆள் வேண்டும். அப்போதுதான் துணைத் தலைவர் அர்ஜுனனுக்குத் தன் மகள் காதலிக்கும் பையன் ஞாபகத்துக்கு வந்தான்.

அந்தப் பையன் தனேஷ். மாக் மண்டினில் ஒரு லேபிள் கம்பெனியில் வேலை. சோயா சாஸ், ஷாம்பு, தேங்காய் எண்ணெய் என்று ஊரில் ஒட்டப்படுகிற பலவற்றை அவன்தான் வரைந்துகொண்டிருந்தான். சமீப காலமாகக் கல்யாண விருந்துகளில் பீர் போத்தலிலும் டின்னிலும் மாப்பிள்ளை பெண் படத்தை ஒட்டுவது நாகரிகமாகிவிட்டதால், மாதத்துக்கு நாலைந்து ஜோடிகளை அவன் போத்தலில் சேர்த்து வைத்தான். யாரும் கேட்காமல் அவனாக வரைந்து வைத்திருந்த லேபிள் ஒன்றும் அவன் கணினியில் இருந்தது. ஓரத்தில் மெல்லிய மல்லிகைக் கொடி. வலது பக்கம் பச்சைப் புடவையில் அர்ஜுனனின் மகள் லோகேஸ்வரி. இடது பக்கம் அவன். அவள் படத்தை எடுத்தவன் அவனே. கேமராவைப் பார்க்கச் சொன்னபோது அவள் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்துவிட்டாள். அந்தப் பார்வை நேராகத் தன் முகத்தின் மேல் விழும்படி தன் படத்தைப் பக்கத்தில் பொருத்த அவனுக்கு ஒரு மத்தியானம் முழுவதும் பிடித்தது. லோகேஸ்வரிக்கு மட்டும் அதைப் போனில் அனுப்பியிருந்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் அதைத் திறந்து பார்ப்பான். பிறகு மூடிவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்குத் திரும்புவான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்துதான் லோகேஸ்வரி அவனிடம் செய்தியைச் சொன்னாள்.

"அப்பா உன்னக் கூப்புடுறாரு."

தனேஷின் கையிலிருந்த முட்டை மீண்டும் குழம்பில் விழுந்தது. "வீட்டுக்கா?"

"கமிட்டிக்கு."

"கமிட்டியில எதுக்கு நம்ம விஷயத்த பேசுறாங்க?"

"நம்ம விஷயம் இல்ல லா. லேபிள் விஷயம். மொதல்ல சாப்புடு, ஆறிப் போவுது." அவள் தன் தட்டிலிருந்த வெண்டைக்காயை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "நாலு வருஷமா உன் பேரச் சொன்னா டிவி சத்தத்த கூட்டி வெப்பாரு. நேத்து அவராவே, அந்த லேபிள் பையன் இருக்கானான்னு கேட்டாரு. நான் அழுதுட்டேன் தெரியுமா?"

"அவரு என்னதான் சொல்றாரு, நம்மளப் பத்தி?"

"பரிசீலனையில இருக்குன்னு சொல்றாரு."

அர்ஜுனன் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவுச் சாப்பாட்டுக்குத் தோசையா சப்பாத்தியா என்று கேட்டால்கூடப் பிறகு அறிவிக்கப்படும் என்பார்.

"இந்த ஒரு வேலைய மட்டும் நல்லபடியா செஞ்சு குடுத்துரு தனேஷ். அவங்க என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. வாயத் தொறந்து எதுவும் பேசிராத. அப்பா தன்னால எறங்கி வருவாரு."

தனேஷ் தலையாட்டினான். அந்த வெண்டைக்காய்க்காகவே அவன் தலையாட்டியிருப்பான்.

*

மன்றத்தின் அலுவலகம் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. சுவரில் மன்றத்தின் சாதனைகள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. ஒன்றில் டத்தோ மாலை வாங்குகிறார். அடுத்ததில் டத்தோ மாலை போடுகிறார். மூன்றாவதில் வாங்கின மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குப் போடுவது என்று யோசிக்கிறார். டத்தோ பட்டம் எங்கிருந்து எப்படி வந்தது என்று கேட்பது மன்றத்தில் ஒழுங்கீனம்.

தனேஷ் தான் வரைந்திருந்த முதல் மாதிரியை மேசையில் விரித்தான். இளம்பச்சைப் பின்னணி, நடுவில் மன்றத்தின் சின்னம், கீழே விருந்தின் பெயர். அவ்வளவுதான். அழகாகத்தான் இருந்தது.

மகளிர் பிரிவுத் தலைவி நல்லம்மாள் அதைக் கையில் எடுத்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இதப் பாத்தா உள்ள பீர்னே தெரியல."

"தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க, அக்கா."

"போட்டோவுல பாக்குறவனுக்குத் தெரியக்கூடாது. மேசை எடுத்தவனுக்குத் தெரியணும்ல? தெரியாம அவன் சிராப்புன்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிட்டா?"

நீண்ட ஆலோசனைக்குப் பின் அதற்கு 'பண்பாட்டுப் பானம்' என்று பெயர் வைத்தார்கள். முக்கியஸ்தர்களின் மேசைக்குப் போத்தல், மற்றவர்களுக்கு டின் என்றும் முடிவாயிற்று. போத்தலுக்கு ஐஸ் தண்ணீரில் ஊறினாலும் உரியாத பிளாஸ்டிக் லேபிள். டின்னுக்குச் சாதாரணக் காகிதம் போதும். சமத்துவம் பற்றி டத்தோ மேடையில் பேசப் போகிறார் என்பதால் மேசைகளில் அதைத் தனியாகக் காட்ட அவசியமில்லை.

அதுவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த டத்தோ வாய் திறந்தார்.

"தம்பி, நான் விளம்பரம் புடிக்காத ஆளு. என் வீட்டுக்கு வந்து பாரு. ஹால்ல என் படம் ஏழே ஏழுதான் இருக்கு. ஆனா கொஞ்சம் நெனச்சுப் பாரு. ஒரு குடிகாரன் போத்தல தூக்குறான். வாய்கிட்ட கொண்டு போறான். அங்க என் மூஞ்சி இருக்கு. அவன் திருந்துவானா, மாட்டானா?"

"திருந்திருவான் டத்தோ," என்றார் அர்ஜுனன்.

சின்னம் இருந்த இடத்துக்கு டத்தோவின் முகம் வந்தது. அடுத்த கூட்டத்தில் முகம் சிறிதாக இருக்கிறது என்றார்கள். பெரிதாக்கினான். மேசையின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரிய வேண்டும் என்றார்கள். போத்தல் உருண்டையானது, ஒரு பக்கத்திலிருந்துதான் முகம் தெரியும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். போத்தல் உருண்டையாக இருப்பதற்காகத் தலைவர் பணிந்து போக முடியாது என்று நல்லம்மாள் கருதினார். தனேஷ் முகத்தை இன்னும் பெரிதாக்கினான். கடைசியில் டத்தோவின் மூக்கு ஒரு மேசைக்கும் கன்னங்கள் அடுத்தடுத்த மேசைகளுக்கும் தெரிந்தன. இரண்டு காதுகளும் போத்தலின் முதுகில், லேபிள் ஒட்டும் இடத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து டத்தோவே கொஞ்சம் மிரண்டுபோனார்.

அப்போதுதான் அர்ஜுனன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"டத்தோ முகத்த இப்படிச் சுத்தி வெக்கிறது மரியாதை இல்ல. அடக்கமா, நடுவுல முட்ட வடிவத்துல வெப்போம். படத்தச் சுத்தி ஒரு மால. ரோஜா மால. கீழ ஒரு குத்துவெளக்கு. நம்ம பண்பாடு தெரியணும்ல? அப்பறம், டத்தோ தலைவரான வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும், நடுவுல ஒரு கோடு போட்டு வருஷத்த எழுதிடுவோம். கீழ, 'எங்கள் நெஞ்சில் நிறைந்த தலைவர்'னு ஒரு வரி."

செயலவை கைதட்டியது. டத்தோவின் கண்கள் கலங்கின. "நீ என்னைய இவ்வளவு நெனச்சு வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாம போச்சே அர்ஜுனா," என்றார்.

"பன்னெண்டு வருஷமா துணைத் தலைவரா இருக்கேன் டத்தோ. உங்களத் தவிர வேற எத நெனைக்கிறேன்?"

தனேஷுக்கு நாசி கண்டார் கடையில் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் கேட்கவில்லை. "மன்னிச்சுக்கங்க. மால, வெளக்கு, வருஷம் எல்லாம் போட்டா பேப்பர்ல வர்ற கண்ணீர் அஞ்சலி மாதிரி ஆயிடும்."

டத்தோ அவனைக் கருணையோடு பார்த்தார்.

"கண்ணீர் அஞ்சலியில யாரு படம் வரும், தம்பி?"

"செத்தவங்க படம், டத்தோ."

"பெரிய மனுசங்க படம் லா. சின்ன ஆளு செத்தா யாரு அரைப் பக்கம் போடுறா?"

செயலவை மறுபடியும் கைதட்டியது. தனேஷ் இன்னொரு முறை வாயைத் திறந்தபோது டத்தோ கையை உயர்த்தினார். "தீர்மானம் நிறைவேறிடுச்சு. நம்ம விதி என்ன சொல்லுது? நிறைவேறின தீர்மானத்த அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் யாரும் கேள்வி கேக்க முடியாது. தலைவரே கேக்க முடியாது. அந்த விதிய எழுதினவனே நான்தான். எதுக்கு எழுதினேன்? ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சா அப்பறம் ஒழுக்கம் எங்க இருக்கும்?"

படியிறங்கும்போது அர்ஜுனன் பின்னால் வந்து தனேஷின் தோளில் கை போட்டார். நான்கு வருடங்களில் முதல் தடவை. அந்தக் கையின் கனத்தை அவன் உடம்பு முழுவதும் உணர்ந்தான்.

"நல்லா வேல செய்யிற தம்பி. விருந்து முடியட்டும். உன் விஷயத்த நானே கமிட்டியில எடுக்கிறேன்."

"தேங்க்ஸ் அங்கிள்."

"அந்த ரெண்டு வருஷத்துக்கும் நடுவுல கோடு சொன்னேன் பாரு, அத மட்டும் கொஞ்சம் தடிப்பா போடு."

*

கம்பெனியில் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் ருக்குமணி. முதல் தாள் வெளியே வந்ததும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

"நேத்துகூட பேப்பர்ல பாத்தனே, நல்லாத்தான இருந்தாரு. எப்ப எடுக்குறாங்களாம்?"

"சாகல அக்கா. இது பீர் லேபிள்."

ருக்குமணி தாளை மறுபடி பார்த்தார். "யாரு கேட்டா இப்படி?"

"அர்ஜுனன் அங்கிள்."

"நீ கட்டிக்கப்போற பொண்ணோட அப்பனா?"

"ஆமா."

"அவருக்கு டத்தோவப் புடிக்குமா?"

"ரொம்பப் புடிக்கும். மால போடணும்னு அவருதான் சொன்னாரு."

ருக்குமணி ரேடியோவைத் திரும்பப் போட்டார். "உனக்கெல்லாம் யாரு தம்பி பொண்ணு குடுப்பா," என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார்.

*

விருந்து மண்டபத்தில் மேசைகள் நிறைந்துவிட்டன. முன்வரிசை மேசைகளில் மாலை போட்ட டத்தோ போத்தல்கள். பின்வரிசைகளில் ஐஸ் நிரப்பிய வாளிகளில் மாலை போட்ட டத்தோ டின்கள். ஒவ்வொரு டத்தோவுக்கும் கீழே ஒரு குத்துவிளக்கு எரிந்தது. நிஜ டத்தோவை மட்டும் காணவில்லை.

அதில் விசேஷம் எதுவும் இல்லை. முக்கியஸ்தர் நேரத்துக்கு வந்தால் அவர் முக்கியஸ்தர் ஆகமாட்டார். டத்தோ எப்போதும் மண்டபத்தின் பின்சந்தில் காடியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். கூட்டம் நிறைந்து, எல்லோரும் எழுந்து நிற்கத் தயார் என்று டிரைவர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்குவார். அதுவரை போனை எடுக்க மாட்டார். செயலவைக்கு இது தெரியும். மேசை எடுத்தவர்களுக்குத் தெரியாது.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கையிலிருந்த டின்தான்.

"பாவம் லா, எப்பவாம்?" என்றார் ஒருவர்.

"இதுல பாரு, இந்த வருஷம்தான் போட்டிருக்கு."

"ஹார்ட்டா?"

"அவருக்கா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சந்தேகப்பட்டார். பிறகு துக்கம் தாங்காமல் இன்னொரு டின்னைத் திறந்தார். அதற்குள் அடுத்த மேசையில் அது ஹார்ட் என்றே உறுதியாகிவிட்டது. அதற்கடுத்த மேசையில் டத்தோ ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசிய வார்த்தைகளும் கிடைத்தன. விருந்தை நிறுத்த வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரிந்ததும் எல்லோருக்கும் மனசு லேசானது.

டத்தோவின் மகன் ஹரீஷ் அப்போதுதான் வந்து சேர்ந்தான். வாசலிலேயே நான்கு பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆளிடம் என்ன என்று கேட்டான். இரண்டாவது ஆளிடம் எப்போது என்று கேட்டான். ஐந்தாவது கை வரும்போது அவன் முகம் சரியான அளவுக்குத் தொங்கிவிட்டது. அப்பாவுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. கை சும்மா இருந்தால்தானே?

டத்தோவைப் பின்சந்தில் பார்த்திருந்த தனேஷ் மேடைக்குப் பக்கத்தில் நின்ற அர்ஜுனனிடம் ஓடினான். "அங்கிள், எல்லாரும் டத்தோ செத்துட்டாருன்னு நெனைக்கிறாங்க. பின்னால காடியில உக்காந்திருக்காரு. மைக்குல சொல்லிருங்க."

அர்ஜுனன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னத்தச் சொல்றது தம்பி. நான் இப்ப பேசுற நெலமையில இல்ல." சொல்லிவிட்டு மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

தனேஷ் பின்னாலேயே ஏறப் போனான். சட்டைக் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். லோகேஸ்வரி. டத்தோவுக்குப் போடவேண்டிய மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதே பச்சைப் புடவையில் நின்றாள்.

"எங்க போற?"

"லோகேஸ், டத்தோ வெளிய உயிரோட இருக்காரு."

"தெரியும். நான்தான வரும்போது வணக்கம் சொன்னேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா பேசப் போறாரு. இப்பப் போயி குறுக்க நிக்காத. நம்ம விஷயத்த அடுத்த கூட்டத்துல எடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. எல்லாத்தையும் கெடுத்துறாத தனேஷ்."

அவள் கண்ணில் நீர் நின்றது. அவளுக்காக அவன் எதையும் செய்வான். அன்றைக்கு அவன் செய்யவேண்டியிருந்தது சும்மா நிற்பது மட்டும்தான். நின்றான்.

அர்ஜுனன், டத்தோ இறந்துவிட்டார் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் பொய் பேசுகிறவர் அல்ல. "உங்கள் கைகளில் இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும்," என்று மட்டும் சொன்னார். ஆயிரம் கைகள் டின்களை இறுக்கிக்கொண்டன. "முதலில், துணைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்மானத்தை மகளிர் பிரிவுத் தலைவி முன்மொழிவார். தொடர்ந்து, நம் நெஞ்சில் நிறைந்த தலைவருக்கு நாம் அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌனம் அனுசரிப்போம்." நல்லம்மாள் அழுதுகொண்டே முன்மொழிந்தார். அவர் கையில் எழுதி வைத்த தாள் இருந்தது. யாரோ வழிமொழிந்தார்கள், தீர்மானம் நிறைவேறியது. மௌனத்துக்காக மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

பின்கதவில் எட்டிப் பார்த்த டிரைவர் ஓடிப்போய், எல்லாரும் எழுந்து நின்றாயிற்று என்று டத்தோவிடம் சொன்னார்.

டத்தோ உள்ளே வந்தார். இத்தனை அமைதியான வரவேற்பை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு இருமல் இல்லை, நாற்காலி சத்தம் இல்லை. எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. அவர் நெகிழ்ந்துபோய், இரு பக்கமும் கைகூப்பியபடி, நடுப்பாதையில் மெதுவாக நடந்தார். மேடையில் திரைநிறைய மாலையோடு தன் முகத்தைப் பார்த்ததும் கண்ணீர் வழிந்தது. லோகேஸ்வரி தட்டிலிருந்த மாலையை எடுத்துத் தன் அப்பா கழுத்தில் போடுவதைப் பார்த்தபோதுதான் அவர் நடை நின்றது.

"அது என் மால," என்றார்.

அந்த நிமிடம் முடிந்தது. தலைகள் நிமிர்ந்தன. ஒரு பெண்மணி வீலென்று கத்திவிட்டு உட்கார்ந்தார்.

"என்னய்யா நடக்குது இங்க? நான் உயிரோட இருக்கேன்."

அர்ஜுனன் மைக்கிலிருந்து வாயை எடுக்கவில்லை. "டத்தோ அவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர் நம்மோடு இருக்கிறார் என்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அடுத்த பொதுக்கூட்டம் வரை அதைக் கேள்வி கேட்க நம் விதியில் இடமில்லை. அந்த விதியை எழுதியவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை."

டத்தோ கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் டத்தோவைப் பார்த்தது. உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைப் பற்றி ஆயிரம் பேர் நியாயமாக யோசித்த கணம் அது. அவர் உயிரோடு இருந்தால் வழக்கம்போல ஒன்றரை மணி நேரம் பேசுவார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தீர்மானம் தீர்மானந்தான் லா. சாப்பாட்ட எடுங்கப்பா."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. ஹரீஷும் தட்டினான், கை பழகிவிட்டது.

முன்வரிசையில் அவருடைய நாற்காலிக்கு வேறு பெயர் ஒட்டப்பட்டுவிட்டதால், டத்தோவைப் பின்னால் தனேஷ் இருந்த டின் மேசைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். டின்னுக்கு ஒட்டிய காகித லேபிள்கள் ஐஸ் தண்ணீரில் ஊறி உரிந்து, பத்துப் பதினைந்து டத்தோக்கள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்கள். ஒருவரை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் துடைத்தார். மாலை கையோடு வந்துவிட்டது.

"தம்பி," என்றார் கடைசியில். "நீ சொன்னல்ல, கண்ணீர் அஞ்சலி மாதிரின்னு."

"ஆமா டத்தோ."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

*

அடுத்த வாரம் அர்ஜுனன் சொன்ன சொல் தவறாமல் தனேஷைக் கூப்பிட்டனுப்பினார்.

தனேஷ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். டத்தோ கிராமாட் மாடியில் சாதனைகள் எல்லாம் கழற்றப்பட்டு, புதியவை மாட்டக் காத்து ஆணிகள் மட்டும் நின்றன. தலைவர் நாற்காலியில் அர்ஜுனன். பக்கத்தில் லோகேஸ்வரி தலை குனிந்தபடி. ஓரத்தில் ஒரு ஸ்டூலில் டத்தோ சந்திரசேகரன். மன்றத்தின் கடிதங்களில் அவரை இப்போது அமரர் டத்தோ என்றுதான் குறிப்பிட்டார்கள்.

"உன் விஷயத்த எடுத்துட்டோம் தம்பி," என்றார் அர்ஜுனன். "நல்லா பேசினோம். எல்லாருக்கும் உன் மேல மரியாதை இருக்கு. ஆனா நான் இப்ப தலைவர். தலைவர் வீட்டுச் சம்பந்தம் மன்றத்தோட சம்பந்தம். மறைந்த தலைவர் குடும்பத்த நாம நட்டாத்துல விட முடியுமா? அதனால லோகேஸ்வரிய நம்ம ஹரீஷுக்குக் குடுக்குறதுன்னு ஏகமனதா முடிவாச்சு."

தனேஷ் லோகேஸ்வரியைப் பார்த்தான். அவள் தன் விரல் நகங்களைப் பார்த்தாள். பிறகு டத்தோவைப் பார்த்தான். இந்த அறையில் அநியாயம் நடந்த இன்னொரு ஆள் அவர்தான்.

"டத்தோ, நீங்களாவது சொல்லுங்க."

டத்தோவும் ஏதோ சொல்லத்தான் ஸ்டூலின் நுனிக்கு வந்திருந்தார். "கல்யாணக் கார்டுல என் படம் எங்க வரும்?" என்று கேட்டார்.

"மறைந்தவங்க படம் எங்க வருமோ அங்க," என்றார் அர்ஜுனன். "உச்சியில. மால, வெளக்கு எல்லாம் போட்டு."

"உன் படத்துக்கு மேலயா?"

"எல்லார் படத்துக்கும் மேல."

டத்தோ கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப சரி," என்று ஸ்டூலில் நன்றாகச் சாய்ந்து உட்காரப் போய், சாய ஒன்றும் இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம் தம்பி," என்றார் அர்ஜுனன். "கல்யாணப் போத்தலுக்கு நீ வரஞ்சு வெச்சிருக்கியாமே ஒண்ணு, மல்லிகக் கொடியெல்லாம் போட்டு. லோகேஸ் போன்ல காட்டுனா. ரொம்ப லட்சணமா இருக்கு. புதுசா எதுக்கு வரையணும்? பொண்ணு படம் அப்படியே இருக்கட்டும். மாப்பிள்ள படத்த மட்டும் மாத்திரு."

"அங்கிள், அது என்னோட..."

"தீர்மானம் நிறைவேறிடுச்சு தம்பி."

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தனேஷ் அந்த லேபிளைத் திறந்தான். போனில் ஹரீஷின் படம் வந்திருந்தது. அதன் கீழேயே லோகேஸ்வரியின் செய்தியும் இருந்தது.

'அழுதுகிட்டேதான் அனுப்புறேன். மாப்பிள்ளை படத்தக் கொஞ்சம் பெருசா வெக்கச் சொன்னாங்க, டத்தோ வீட்டுப் பையன்ல. எனக்கு அந்தப் பச்சப் புடவ படமே இருக்கட்டும். அதுல நான் நல்லாச் சிரிச்சிருக்கேன்.'

அவன் தன் முகத்தை அழித்தான். அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஹரீஷை வைத்தான். பச்சைப் புடவையில் பக்கவாட்டில் திரும்பிச் சிரித்த லோகேஸ்வரியின் பார்வை நேராக ஹரீஷின் முகத்தில் போய் விழுந்தது. எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அவன் அவ்வளவு சரியாகப் பொருத்தி வைத்திருந்தான்.

ருக்குமணி பின்னால் வந்து நின்று திரையை வெகு நேரம் பார்த்தார். அவனைப் பார்க்கவில்லை.

"காகிதமா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார்.

"பிளாஸ்டிக் போடுங்க அக்கா," என்றான் தனேஷ். "ஐஸ் தண்ணியில ஊறினாலும் உரியக்கூடாது."